மூன்றிலிருந்து நான்கு வரை

மேடத்திடம் மணி கேட்டால் ஒன்றுக்கு இரண்டாக மணி சொல்வார் என்று எங்கள் கான்ட்ராக்டர் கிண்டலடிப்பார். பெரிய பொய்யில்லை. எப்போது வருவீர்கள் என்று கேட்டால், "மூணேகால்ல இருந்து நாலு வரைக்கும் அண்ணே" என்பார். மூன்று ஐம்பதுக்கு வந்து நிற்பார். தாமதம் என்று குறைசொல்ல முடியாது. அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த வங்காளி, சர்க்கரை எவ்வளவு என்று தினமும் இந்தியில் கேட்பான். ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்பூன் என்று அவரும் தினமும் இந்தியில் பதில் சொல்வார். அவன் ஒரு ஸ்பூனைப் போட்டுக் கலக்கிவிட்டு, மீதி அரை ஸ்பூனை டம்ளருக்கு மேலே ஒருமுறை ஆட்டிக் காட்டிவிட்டு டப்பாவிலேயே கொட்டிவிடுவான். மேடம் சிரிக்க மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது சரியான டீ.

எங்கள் தீவுக்குத் தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில், எண்ணெய்ப்பனைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவர். பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அந்த "அண்ணே"யும் அந்த "ங்க"வும் அங்கிருந்து வந்தவை. கோபம் மட்டும் அவருக்கு இந்தியில்தான் வரும்.

எங்கள் பழக்கம் ஒரு மேஜையின் இரண்டு பக்கத்துப் பழக்கம். கல்குவாரி வெட்ட வேண்டுமென்றால் முதலில் அதைக் காகிதத்தில் வெட்டிக் காட்ட வேண்டும். மலையை எந்தச் சரிவில் அறுப்போம், எத்தனை படிகளாக இறங்குவோம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எத்தனை வருடத்துக்குக் கல் கிடைக்கும், வேலையாட்கள் இருக்கும் கொட்டகை எங்கே, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கான்ட்ராக்டர்களுக்காக அந்தத் திட்டத்தைத் தயாரிப்பது என் தொழில். அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் போட்டு உடைத்துப் பார்ப்பது அவர் தொழில்.

முதல் திட்டத்தைக் கொண்டுபோனபோது பாறையின் பலத்தை இரண்டு தசம இடம்வரை எழுதியிருந்தேன். கடல் தாண்டி மெயின்லேண்டில் படித்துவிட்டு வந்தவன் என்ற பெருமை. அவர் விரலால் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை மூடினார்.

"இதை எந்தக் கல்லு வந்து உங்ககிட்ட சொல்லிச்சு?"

திட்டத்தை என் பக்கமாகத் தள்ளினார். "எவ்வளவுன்னு சொல்லாதீங்கண்ணே. எதுல இருந்து எது வரைக்கும்னு சொல்லுங்க."

அதற்கப்புறம் பதினோரு வருடம் அவர் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை என்றே சொல்லலாம். பாறை பலமாக இருந்தால் எவ்வளவு, மோசமாக இருந்தால் எவ்வளவு. மழை மே மாதம் வராமல் ஏப்ரலிலேயே வந்துவிட்டால் என்ன. கல்லுடைக்கும் கிரஷரின் உதிரிபாகம் வரவேண்டிய கப்பல் வராமல் போய், பாதி வெட்டிய மலை மழைக்காலம் முழுக்க அப்படியே நின்றால் என்ன. ஒருநாள் அவர் மேஜையில் பேசிக்கொண்டிருக்கும்போது நிலம் ஆடியது. எங்கள் தீவில் இது புதிதல்ல. எல்லோரும் வெளியே ஓடினோம். அவர் கடைசியாக வந்தார், கையில் என் திட்டத்தோடு. மரத்தடியில் நின்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "இப்ப ஆடுனது இதுல இருக்குதாண்ணே?" என்றார். இல்லை. அந்தத் திட்டம் திரும்பி வந்தது.

அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு கணக்குக்கும் நாங்கள் கொடுத்த கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் நடுவிலிருந்து அது தானாக ஒரு எண்ணை எடுக்கும். எடுத்து ஒரு குவாரியை வெட்டும். பிறகு வேறு எண்களை எடுத்து இன்னொன்றை வெட்டும். ஒன்றில் மழை முந்தும். ஒன்றில் பாறை உளுத்திருக்கும். ஒன்றில் எல்லாக் கெட்டதும் ஒரே வருடத்தில் வந்து சேரும். "நீங்க ஒரு குவாரி கொண்டாந்திருக்கீங்க. நான் ஆயிரம் வெட்டிப் பாக்கிறேன்" என்பார். முடிவில் எத்தனை நின்றது, எத்தனை விழுந்தது என்று தாள் வரும். விழுந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, எதனால் விழுந்தது என்று பார்ப்பார். நின்றவற்றைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். "நின்னதுக்கிட்ட கேக்க என்ன இருக்குது?"

மின்னி பேயில் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை சாப்பிட வந்தார். என் மனைவிக்கு அவரைப் பற்றி அதிகம் தெரியாது. ரசத்துக்கு நடுவில், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள்.

"ரெண்டுல இருந்து மூணுங்க."

மனைவி சிரித்துவிட்டாள். அலுவலகக் கிண்டல் என்று நினைத்திருப்பாள். மேடம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார். சுனாமி வந்த அன்று காலையில் தம்பி யாரையோ கப்பலேற்றிவிட ஹட் பே ஜெட்டிக்குப் போனான். உடல் கிடைக்கவில்லை. இறந்ததாகக் காகிதம் வந்தது. அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"அம்மா ரெண்டுன்னு சொல்ல மாட்டேங்குது. நான் மூணுன்னு சொல்ல மாட்டேங்கிறேன். அதான் அப்படி வெச்சிக்கிட்டோம்."

என் மகள் தாரிணி அப்போது பள்ளி இறுதியில் இருந்தாள். அவள்தான் தட்டை எடுத்துக்கொண்டு போய் மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுரங்கப் பொறியியல் படிக்கப் போகிறேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததற்கு அந்த மதியம் ஒரு காரணம் என்று மனைவி இன்றும் சொல்வாள்.

தாரிணி மெயின்லேண்டில் படித்து முடித்தபோது ஒடிசாவில் ஓர் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் வேலை வந்தது. நான் பிள்ளையின் போன் அரைமணி நேரம் எட்டவில்லையென்றால் அவள் தோழிகள் எல்லோரையும் கூப்பிட்டுவிடுகிற ஆள். கடலைத் தாண்டி, பார்த்தறியாத ஒரு பள்ளத்தில் அவள் நிற்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் கான்ட்ராக்டர் பெரார்கஞ்ச் பக்கத்தில் புதுக் குவாரி தொடங்கவிருந்தார். "திட்டத்தைப் பாஸ் பண்ணிக் குடுங்க சார். பொண்ணை அங்கேயே இன்ஜினியரா போட்டுரலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துரும்" என்றார். தாரிணி ஒடிசாக்காரர்களிடம் இரண்டு மாதம் அவகாசம் கேட்டாள். எனக்காகத்தான் கேட்டாள்.

அந்தக் குவாரிக்குக் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு சுவர்கள் வரும். மலையை அறுத்து நிற்கவிட்ட முகப்பைத்தான் சுவர் என்கிறோம். அதற்குள் என்ன கல், எங்கே களிமண், எங்கே தண்ணீர் என்று பார்க்க மேலேயிருந்து ஆழமாகத் துளை போட வேண்டும். துளையிலிருந்து உருளை உருளையாக வரும் கல்லை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி வைக்க வேண்டும். எங்களுக்குத் தேவையான இயந்திரம் தீவில் இல்லை. சென்னையிலிருந்து சரக்குக் கப்பலில் வரவழைத்தோம். கிழக்குப் பக்கம் பழைய மரவண்டிப் பாதை இருந்தது. அங்கே ஐந்து துளை போட்டோம். மேற்கே போக இயந்திரத்துக்குப் பாதை வெட்ட வேண்டியிருந்தது. பாதை பாதி வெட்டியிருக்கும்போது, திரும்பும் கப்பல் பத்து நாள் முன்னதாகவே கிளம்புகிறது என்று தகவல் வந்தது. அதை விட்டால் மழைக்கு முன் வேறு கப்பலில் இடமில்லை. இயந்திரம் ஜெட்டிக்குப் போய்விட்டது. இங்கே மலையைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்பதைக் கப்பல்தான் முடிவு செய்யும்.

மேற்கில் துளை போடவில்லை என்று எழுதியிருந்தால் போதும். அடுத்த கோடைவரை திட்டம் தள்ளிப்போகும். அவ்வளவுதான். ஆனால் தாரிணி போய்விடுவாள்.

கான்ட்ராக்டர் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. "ஒரே மலைதானே சார். ஒரு இட்லியில இந்தப் பக்கம் ஒரு மாவு, அந்தப் பக்கம் ஒரு மாவா?"

கிழக்கின் எண்களை எடுத்தேன். ஐந்து துளைகளில் நன்றாக இருந்த மூன்றின் எண்களை மட்டும். கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, கீழெல்லை மேலெல்லை எல்லாம் போட்டு மேற்குக்கு எழுதினேன். எழுதும்போது பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. படிவத்தில் காலியாக இருந்த கட்டங்களை நிரப்புவதாகத்தான் தோன்றியது. கையெழுத்து அழகாகவே வந்திருந்தது.

மேடம் ஆயிரம் குவாரி வெட்டினார். கிழக்குச் சுவர் சிலவற்றில் விழுந்தது. பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது மழையில். மேற்குச் சுவர் ஒன்றில்கூட விழவில்லை.

அவருக்கு அது பிடிக்கவில்லை. தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ஒண்ணுகூட விழலையேண்ணே. ஒரு மலைன்னா சும்மாவாச்சும் நாலு தடவை விழணுமே." பிறகு என்னைப் பார்த்தார். "மேற்குல எத்தனை போர் போட்டீங்க?"

"மூணுல இருந்து நாலு மேடம்."

எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம் என்று தெரியாது. வாய் தானாகச் சொன்னது. நாலாவது துளை பாதியில் சிக்கிக்கொண்டது, எண்ணினால் எண்ணலாம், விட்டால் விடலாம் என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

அவர் சிரித்தார். நான் பார்க்க அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "பரவால்லயே. பதினோரு வருசத்துல ஒருத்தருக்காவது பேச வந்திருச்சு" என்றார். அன்று வேறு யாராவது, "நாலு" என்று சொல்லியிருந்தால், பெட்டிகளைக் கொண்டுவா என்றிருப்பார். பாதியில் நின்ற துளையை யாரும் பொய்யாகச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்திருப்பார். அவருடைய பாஷையிலேயே ஒருவன் பொய் சொல்வான் என்பது அவர் வைத்திருந்த எந்த எல்லைக்குள்ளும் இல்லை.

கையெழுத்துப் போடும்போது ஒரு நிபந்தனை எழுதினார். கொட்டகை கிழக்குச் சுவர் பக்கம் இருக்கக் கூடாது. மேற்குச் சுவரடியில் இருக்க வேண்டும். வரைபடத்தில் தானே பென்சிலால் ஒரு சின்னச் சதுரம் போட்டார். அது என் மகள் உட்காரப் போகும் இடம் என்று அவருக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, கோட்டை இன்னொரு தடவை அழுத்தி வரைந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதமே அம்மாவுக்கு முடியவில்லை என்று வேலையை விட்டு ஹட் பேக்குப் போய்விட்டார். போவதற்குமுன் ஒருநாள் குவாரிக்கு வந்து தாரிணியோடு நடந்திருக்கிறார். அன்று மாலை வீட்டில் தாரிணி அவரைப் போலவே பேசிக் காட்டினாள். "சுவருக்கு முதுகு காட்டி உக்காராதம்மா. நிக்கிற சுவரா இருந்தாலும்." அவளும் அவள் அம்மாவும் சிரித்தார்கள். நான் போய் மொட்டைமாடியில் காயவைத்த துணியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதிலும் கடும் மழையில் ஒன்றும் ஆகவில்லை. மழை ஓய்ந்து எட்டிலிருந்து ஒன்பது நாள் கழித்து, நல்ல வெயிலில், காலை பதினொரு மணிக்குக் கிழக்குச் சுவர் இறங்கியது.

யாருக்கும் அடிபடவில்லை. கல் அள்ளும் லோடர் ஒன்று புதைந்தது. குவாரிக்குள் போன் எடுக்காது. சாலைக்கு ஏறி வந்தால்தான் சிக்னல். சாப்பாட்டு நேரத்தில் தாரிணி ஏறி வந்து படம் அனுப்பினாள். நான் முதலில் கொட்டகை போடுவதாக வரைந்திருந்த இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கல். கீழே, "மேடம் வாழ்க அப்பா" என்று எழுதியிருந்தாள். கான்ட்ராக்டர் கூப்பிட்டு, உங்கள் மேடத்துக்குக் கோயில் கட்ட வேண்டும் சார் என்றார். மனைவி அழுதாள். நான் போனை எடுத்துக்கொண்டு கடலோரச் சாலைக்கு வந்து ஹட் பேக்கு அழைத்தேன். நன்றி சொல்லத்தான். சத்தியமாக நன்றி சொல்லத்தான்.

அவர் முழுவதும் கேட்டார். சந்தோஷப்படவில்லை.

"மழை நின்னு எத்தனை நாளாச்சுன்னீங்க?"

சொன்னேன்.

"மழை பெய்யும்போதுதான் விழும்னு நாம போட்டோம். நின்னப்புறம் விழுந்திருக்குது. அப்படின்னா மலைக்குள்ள தண்ணி நாம நெனச்சதவிட மெதுவா நகருதுண்ணே. இன்னும் உள்ளதான் இருக்குது. மேற்குப் பக்கத்துக் கல் பெட்டியைத் தெறந்து பாருங்க. எங்கயாச்சும் களிமண் பட்டை இருக்குதான்னு மட்டும் சொல்லுங்க. நான் திரும்ப ஓட்டிப் பாக்கிறேன்."

கடல் வற்றிக் கிடந்தது. கரையில் யாரோ படகைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பெட்டி இல்ல மேடம்."

"தொலஞ்சிருச்சா?"

அவர் எனக்கு வழிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அந்த வழியில் போக முடியவில்லை. கொட்டகை எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

"போரே போடல மேடம்."

"மூணுல இருந்து நாலுன்னீங்க."

"ஆமா."

"எத்தனைண்ணே?"

என்னைச் சொல்ல வைத்தார்.

"பூஜ்யம்."

அந்த முதல் திட்டத்துக்குப் பிறகு நான் அவருக்குக் கொடுத்த ஒற்றை எண் அது. இந்தியில் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"புள்ள இப்ப எங்க இருக்குது?"

"சாப்ட்டு முடிச்சிருப்பா. கொட்டகையில."

அவர் போட்ட சதுரத்தில். அதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு நேரம் இருக்கிறது மேடம் என்று கேட்டேன். எதிலிருந்து எதுவரை என்று ஏதாவது சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

"இப்ப" என்றார். "இப்ப போங்கண்ணே."

மின்னி பேயிலிருந்து அந்தக் குவாரிக்கு ஸ்கூட்டரில் ஒருமணி நேரத்துக்கு மேல் ஆகும். வண்டியை நிறுத்தி நிறுத்தித் தாரிணியின் எண்ணை அடித்தேன். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கான்ட்ராக்டரை அழைத்தேன். சிரித்துவிட்டு, சாயங்காலம் பேசலாம் சார் என்று வைத்துவிட்டார். வழியெல்லாம் நல்ல வெயில். ஒவ்வொரு வளைவிலும் எனக்கு அந்த மலைக்குள் தண்ணீர் ஊர்வது கேட்டது.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் அமைதியாக இருந்தது. கிழக்கே மண் சரிந்து புதுச் சிவப்பில் கிடந்தது. மேற்கே சுவர் சுத்தமாக நின்றது. அதன் அடியில் தகரக் கொட்டகை. உள்ளே தாரிணி ஒரு காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். மேஜையைத் திருப்பிப் போட்டிருந்தாள். வாசலுக்கு முதுகு. முகம் சுவரைப் பார்த்து. ஜன்னல் முழுக்க அந்தக் கல்தான் தெரிந்தது.

நான்கு வேலையாட்கள் முன்னால் சொன்னேன். எத்தனை துளை என்று கேட்டாள். அவளும் கேட்டாள். சொன்னேன்.

அவள் கத்தவில்லை. ஜெனரேட்டரை அணைக்கச் சொன்னாள். ஆட்களை மேலே அனுப்பினாள். கடைசியாகப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சாலைவரை எனக்கு முன்னால் ஏறினாள். ஸ்கூட்டர் பக்கத்தில் வந்ததும் திரும்பினாள்.

"அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்ப்பா. நீங்களே சொல்லிக்கங்க."

சொன்னேன். அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்தேன், என் பெயர் போட்டு. இப்போது நான் திட்டம் எதுவும் தயாரிப்பதில்லை. தயாரிக்க முடியாது. குவாரி மூடிக் கிடக்கிறது. தாரிணி ஒடிசாவில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை அம்மாவிடம் பேசுகிறாள். பேசும்போது என் குரல் கேட்டால், சாப்பிட்டீர்களா என்று என்னையும் கேட்கிறாள்.

மேற்குச் சுவர் விழவில்லை. அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுதாகப் போய்விட்டது. கான்ட்ராக்டர் அபெர்தீன் பஜாரில் என்னைப் பார்த்தால், "இன்னும் நிக்குது சார் உங்க சுவரு" என்பார், பத்துப் பேர் கேட்க. எனக்கே சில நாள் அவர் சொல்வது நியாயமாகத் தோன்றும். ஒரு போன், ஒரு பயம், அதற்காக எல்லோருடைய வேலையும் போனது.

மேடம் அதற்கப்புறம் என் அழைப்பை எடுக்கவில்லை. டிசம்பரில் ஒருநாள் அவரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை போனில் செய்தியாக வந்தது. "நிக்குதா?"

நான் பஸ் பிடித்துப் போய்ப் படமெடுத்து அனுப்பினேன். வெயிலில் சுவர். அடியில் காலித் தகரக் கொட்டகை. நிற்கிறது மேடம் என்று கீழே எழுதினேன். எழுதும்போது ஏதோ ஒரு மன்னிப்பை எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பதில் மாலையில் வந்தது.

"ஆயிரத்துல ஒண்ணைத்தான் நீங்க பாத்துக்கிட்டிருக்கீங்க அண்ணே."

மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் அந்த மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.